பலகையில் எழுதிய இலக்கு: தரம் 9 விஞ்ஞான வகுப்பொன்றில் ஒரு தவணை

பின்னணி

திருகோணமலை நகரிலிருந்து நிலாவெளிக்குப் போகும் வீதியோரம் உள்ள ஒரு பாடசாலையில், சில ஆண்டுகளுக்கு முன் மூன்றாம் தவணையில் நடந்ததை இங்கே எழுதுகிறேன். பாடசாலையின் பெயரையோ ஆட்களின் பெயரையோ சொல்லவில்லை. நான் அங்கே விஞ்ஞான பாடத்துக்குப் பொறுப்பாக இருந்தேன். உள்ளக மேற்பார்வையும் என் பொறுப்பில்தான் இருந்தது.

வகுப்பு தரம் 9. இரண்டு பிரிவுகள்: ஏ பிரிவில் 31 பிள்ளைகள், பி பிரிவில் 28. பெற்றோரில் பலர் கடற்றொழிலாளர்கள். மற்றவர்கள் உப்பளம், உப்புவெளிப் பக்கத்து ஹோட்டல்கள், மேசன் வேலை, நாட்கூலி என்று போகிறவர்கள். இரண்டு பிரிவுக்கும் விஞ்ஞானம் படிப்பித்தவர் கல்வியியற் கல்லூரியில் பயிற்சி முடித்து வந்து மூன்றாவது ஆண்டில் இருந்த ஒரு ஆசிரியை. மூதூரிலிருந்து கிண்ணியா வழியாக இரண்டு பஸ் மாறி வருவார். அப்படி இருந்தும் ஒருநாள்கூடக் காலைக்கூட்டத்துக்குப் பிந்தியதில்லை. பாடக்குறிப்பு ஒழுங்காக எழுதுவார், பிள்ளைகளின் கொப்பிகளை ஒவ்வொரு பக்கமாகத் திருத்துவார்.

இரண்டாம் தவணைப் பரீட்சையில் இரண்டு பிரிவுகளுமே விஞ்ஞானத்தில் சரிந்தன. பெற்றோர் கூட்டத்தில் இரண்டு மூன்று பேர் டியூசன் தேவை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஆசிரியைக்கு அது நன்றாகவே வலித்தது. வினாத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"அக்கா, நான் படிப்பிச்சதுதான் வந்திருக்கு. எல்லாம் கொப்பியில இருக்கு. ஆனா பிள்ளைகள் எழுதேல்ல."

வகுப்பில் வந்து இருந்து பார்க்கச் சொல்லி அவரே கேட்டார். அதிபரும் சம்மதித்தார்.

முதல் பாடவேளையில் கவனித்தது

செப்டெம்பர் மாதம். பாட அலகு அடர்த்தி, அதாவது ஒரு பொருளின் திணிவை அதன் கனவளவால் பிரித்தால் வருவது. இடைவேளை முடிந்து வரும் 40 நிமிடப் பாடவேளை. நான் ஏ பிரிவில் கடைசி வாங்கில் இருந்தேன்.

ஆசிரியை வந்ததும் பலகையின் இடது மூலையில் இப்படி எழுதினார்: "அடர்த்தி பற்றிய எண்ணக்கருவைப் பயன்படுத்தி அன்றாட நிகழ்வுகளை விளக்குவார்." ஒருதடவை வாசித்தார். பிள்ளைகள் அதைக் கொப்பியில் எழுதி, அடிமட்டம் வைத்துச் சிவப்புப் பேனையால் கீழே கோடு போட்டார்கள். அதற்கு நான்கு நிமிடம் போனது. பிறகு திணிவு என்றால் என்ன, கனவளவு என்றால் என்ன, சமன்பாடு, அலகுகள், இரண்டு கணக்கு, மிதத்தலும் தாழ்தலும், கடைசியில் ஒரு கல்லைத் தண்ணீருக்குள் போட்டுக் காட்டியது என்று எல்லாம் அந்த ஒரே பாடவேளைக்குள் நடந்தது. ஒன்றும் பிழையில்லை. அவர் சொன்ன ஒவ்வொன்றும் சரியானதுதான், பிள்ளைகளும் அமைதியாகத்தான் இருந்தார்கள்.

மணி அடித்ததும் ஐந்து பிள்ளைகளை நிறுத்தி, இன்றைக்கு என்ன படித்தீர்கள் என்று கேட்டேன்.

"அடர்த்தி, டீச்சர்."

"ஒரு சமன்பாடு."

"கல்லைத் தண்ணிக்குள்ள போட்டம்."

அடுத்த கேள்விதான் எனக்குத் தேவைப்பட்டது. "சரி, நேற்று உங்களால செய்ய ஏலாத எதை இன்றைக்குச் செய்ய ஏலும்?" ஒருவரும் பேசவில்லை. ஒரு மகள் மட்டும் கொப்பியைத் திறந்து, சிவப்புக் கோடு போட்ட வசனத்தை அப்படியே வாசித்தாள். எண்ணக்கரு என்றால் என்ன என்று கேட்டேன். "தெரியாது டீச்சர். போர்ட்ல இருந்தது" என்றாள்.

இதையெல்லாம் ஆசிரியை பக்கத்தில் நிற்கும்போதே கேட்டுவிட்டேன். அது என் பிழை. அவருடைய முகம் வாடியதை நான் பிந்தித்தான் கண்டேன்.

அந்த வசனம் யாருக்கு எழுதப்பட்டது

அன்று பாடசாலை விட்டதும் இருவரும் விஞ்ஞான அறையில் இருந்தோம். முதலில் நான் மன்னிப்புக் கேட்டேன். பிறகு, அந்த வசனத்தை ஏன் எழுதுகிறார் என்று கேட்டேன்.

"மேற்பார்வைக்கு வாறவங்கள் முதல்ல போர்ட்டைத்தான் பாக்கிறாங்க, அக்கா" என்றார்.

மறைக்காமல் சொன்ன பதில். எனக்கும் அதில் பங்கு உண்டு. மற்றவர்களின் வகுப்புக்குப் போகும்போது நானும் அந்த மூலையைத்தான் முதலில் பார்த்திருக்கிறேன். இலங்கையில் 2007இல் தேர்ச்சி மையக் கலைத்திட்டம் வந்ததிலிருந்து, ஆசிரியர் வழிகாட்டிகள் தேர்ச்சி, தேர்ச்சி மட்டம், கற்றற்பேறு (படித்து முடித்ததும் மாணவர் என்ன செய்வார் என்று சொல்லும் வரி) என்று படிப்படியாகத்தான் எழுதப்படுகின்றன. ஆசிரியர் திட்டமிடுவதற்கு அது நல்ல ஏற்பாடு. அந்தக் கற்றற்பேற்று வரியை எடுத்து அப்படியே பலகையில் போடும்போது என்ன நடக்கிறது என்பதை நாங்கள் யோசித்ததில்லை.

"விளக்குவார்" என்ற சொல்லை இருவரும் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். யார் விளக்குவார்? மாணவர். அப்படியென்றால் அந்த வசனம் மாணவரைப் பற்றி வேறொருவரிடம் பேசுகிறது. முன்னால் இருக்கும் பிள்ளையைப் பார்த்து, "இவர் விளக்குவார்" என்று மூன்றாம் ஆளிடம் சொல்வதுபோல. பிள்ளை அதைத் தன் காரியமாக எடுக்காமல், எழுதிக் கோடு போட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனதில் வியப்பில்லை.

இரண்டாவது, அந்த வரி ஒரு பாடவேளைக்கு உரியதே இல்லை. பல பாடவேளைகள் சேர்ந்து போய்ச் சேரவேண்டிய இடம் அது. அதை ஒரே நாளின் இலக்காக எழுதியதால், பாடமும் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் தொடவேண்டியதாகிவிட்டது. இலக்கு தெளிவில்லாமல் இருந்தது பிள்ளைகளுக்கு மட்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். உண்மையில் பாடத்திலேயே அது தெளிவாக இருக்கவில்லை. இதை ஆசிரியைதான் சொன்னார், நான் சொல்லவில்லை.

மூன்றாவது, வினைச்சொல். அவருடைய பழைய பாடக்குறிப்புகளைப் புரட்டினோம். "அறிந்துகொள்வர்", "விளங்கிக்கொள்வர்", "உணர்வர்" என்றுதான் பெரும்பாலும் இருந்தது. ஒரு பிள்ளை விளங்கிக்கொண்டதை எப்படிப் பார்ப்பது? ரொபேர்ட் மேகர் என்ற அமெரிக்கர் 1962இலேயே இதைத்தான் வலியுறுத்தினார்: கற்பவர் என்ன செய்து காட்டுவார், எந்த நிலைமையில் செய்வார், எவ்வளவு நன்றாகச் செய்தால் போதும் என்ற மூன்றும் இலக்கில் தெரியவேண்டும். நாங்கள் இருவருமே பயிற்சிக் காலத்தில் இதைப் படித்தவர்கள்தான். பரீட்சைக்கு எழுதினோம், வகுப்புக்குள் கொண்டுவரவில்லை.

எடுத்த முடிவுகள்

மூன்றாம் தவணை முடிவதற்கு நாட்கள் குறைவு. ஆகவே பெரிதாக ஒன்றும் மாற்றாமல், அடர்த்தி அலகுக்கு மட்டும் சிலவற்றைச் செய்து பார்ப்பது என்று தீர்மானித்தோம்.

ஒரு பாடவேளைக்கு ஒரே இலக்கு. அது "என்னால் ... முடியும்" என்று முடியவேண்டும். பிள்ளை வாசித்தால் தன்னைப் பற்றிச் சொல்வதாக இருக்கவேண்டும். அளக்க, கணிக்க, தெரிவுசெய்ய, காரணத்தோடு எழுத என்பதுபோல, கண்ணால் பார்க்கக்கூடிய வினை இருக்கவேண்டும்.

சொற்களை எளிமையாக்கும்போது பாடத்தின் கலைச்சொற்களை விடுவதில்லை. இதில் எங்களுக்குள் சிறு வாக்குவாதம் வந்தது. திணிவு என்பதற்குப் பதில் "பாரம்" என்று எழுதினால் பிள்ளைகளுக்கு உடனே புரியும் என்றார் ஆசிரியை. எனக்கு அது சரியாகப் படவில்லை. திணிவு பொருளில் உள்ள சடத்தின் அளவு, நிறை அதைப் புவி இழுக்கும் விசை, இரண்டும் வேறு என்று ஒரு பக்கம் படிப்பித்துக்கொண்டு, மறுபக்கம் இரண்டையும் "பாரம்" என்ற ஒரே சொல்லுக்குள் போட முடியாது. சாதாரண தரப் பரீட்சையிலும் திணிவு என்றுதான் கேட்பார்கள். "எண்ணக்கரு" போன்றவை ஆசிரியர்களுக்கான சொற்கள், அவை போகலாம். திணிவும் கனவளவும் பிள்ளைகளுக்கு உரியவை, அவை இருக்கவேண்டும் என்று முடிவானது.

இலக்கைக் கொப்பியில் எழுதிக் கோடு போடுவது வேண்டாம். பலகையின் இடது பக்கத்தில் மணி அடிக்கும்வரை அழிக்காமல் இருக்கட்டும். பாடம் ஒரு கட்டத்திலிருந்து அடுத்ததுக்குப் போகும்போது ஆசிரியை அதைத் தொட்டுக் காட்டுவார். கடைசி ஐந்து நிமிடத்தில் அந்த இலக்கையே கேட்கும் ஒரு கேள்வி. பதிலைக் கொப்பித் தாளில் பாதி கிழித்து எழுதித் தந்துவிட்டுப் போகவேண்டும். அதற்குப் புள்ளி கிடையாது. பாடக்குறிப்பில் உத்தியோகபூர்வக் கற்றற்பேறு வழமைபோல இருக்கும்.

ஐந்து நிமிடம் போவது அவருக்குக் கவலையாக இருந்தது. கொப்பியில் எழுதும் நான்கு நிமிடம் மிஞ்சுகிறதே என்றேன். அவருடைய அடுத்த கேள்விக்கு எனக்கு உடனே பதில் வரவில்லை: "எல்லாரும் பிழையா எழுதித் தந்தா அடுத்த நாள் என்ன செய்யிறது, அக்கா?"

கல்லும் 2.12உம்

முதல் இலக்கு இதுதான்: "ஒரு கல்லின் திணிவையும் கனவளவையும் அளந்து, அதன் அடர்த்தியைக் கணித்து அலகோடு எழுத என்னால் முடியும்."

குழுக்களாக அளந்தார்கள். வகுப்பில் இருந்தது ஒரே தராசு, அதனால் நேரம் கொஞ்சம் இழுபட்டது. கடைசியில் அரைத்தாள் கேள்வி: கல்லின் திணிவு 60 கிராம். அளவுச்சாடியில் நீர் 50 மில்லிலீற்றர் கோட்டில் இருந்தது, கல்லைப் போட்டதும் 74க்கு ஏறியது. அடர்த்தி என்ன?

கல்லின் கனவளவு 24 கன சென்ரிமீற்றர். 60ஐ 24ஆல் பிரித்தால் 2.5. கன சென்ரிமீற்றருக்கு 2.5 கிராம். அன்று வந்திருந்த 29 பேரில் இதை அலகோடு சரியாக எழுதியவர்கள் 9 பேர். ஆசிரியை தாள்களைக் கையில் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தார். பிறகு இருவருமாக அவற்றை மேசையில் பரப்பி, ஒரே மாதிரியானவற்றை ஒன்றாகச் சேர்த்தோம்.

6 பேர் கனவளவை 74 என்று எடுத்திருந்தார்கள். 3 தாள்கள் வெறுமை. மிச்சம் 11 தாள்களில் சமன்பாடு சரி, 74இலிருந்து 50ஐக் கழித்ததும் சரி, இலக்கங்களை இட்டதும் சரி. வகுத்தலில்தான் பிழை. அதிலும் பலர் 2.12 என்று எழுதியிருந்தார்கள்.

2.12 எங்கிருந்து வந்தது என்று கொஞ்சநேரம் எங்களுக்குப் பிடிபடவில்லை. ஒரு தாளின் ஓரத்தில் செய்கை தெரிந்தது. 60க்குள் 24 இரண்டு தடவை, மீதி 12. அந்த மீதியைத் தசமப் புள்ளிக்குப் பின்னால் அப்படியே வைத்துவிட்டார்கள்.

இந்தப் பதினொரு பேருக்கும் அடர்த்தி விளங்கியிருக்கிறது, விளங்காதது தசம வகுத்தல். இதே விடைகள் தவணைப் பரீட்சையில் வந்திருந்தால் "அடர்த்தி விளங்கவில்லை" என்று சொல்லி அடர்த்தியையே திரும்பப் படிப்பித்திருப்போம். இலக்கைச் சின்னதாக்கி, அதை மட்டும் கேட்டதால்தான் எங்கே தட்டுகிறது என்று தெரிந்தது. முதல் நாள் அவர் கேட்ட கேள்விக்கும் இப்போது பதில் கிடைத்தது. 29 பேரும் ஒரே மாதிரிப் பிழை விடவில்லை, ஆகவே அடுத்த நாள் 29 பேருக்கும் ஒரே பாடம் தேவையில்லை.

பாடத்திட்டம் பின்தள்ளும் என்ற பயம் இருந்தும், அடுத்த பாடவேளையின் முதல் 15 நிமிடத்தை வகுத்தலுக்குக் கொடுத்தோம். 74 என்று எழுதிய ஆறு பேரையும் ஆசிரியை முன்மேசைக்குக் கூப்பிட்டு, கல்லை நூலில் கட்டித் திரும்பவும் நீருக்குள் இறக்கச் சொன்னார். நீர் ஏறுவதை விரலால் காட்டவைத்தார். "இவ்வளவும் கல்லுக்கு. கீழ இருக்கிறது முதலே இருந்த தண்ணி." அது பெரிய வேலையாக இருக்கவில்லை, ஐந்தாறு நிமிடத்தில் முடிந்தது.

முட்டை தாழ்ந்த நாள்

மூன்றாவது இலக்கில் நாங்கள் பிழைவிட்டோம்.

மூன்று சாடிகள்: ஒன்றில் கிணற்று நீர், ஒன்றில் பிள்ளைகள் கடற்கரையிலிருந்து போத்தலில் கொண்டுவந்த கடல்நீர், ஒன்றில் நிலாவெளி உப்பளப் பாத்தியிலிருந்து ஒரு பிள்ளையின் தகப்பன் எடுத்துத் தந்த உவர்நீர். ஒவ்வொன்றிலும் ஒரு முட்டையை விட்டுப் பார்ப்பது. ஏ பிரிவில் பாடம் தொடங்கும்போதே பலகையில் எழுதினோம்: "உப்பு கூடும்போது நீரின் அடர்த்தி கூடுவதால் முட்டை மிதக்கிறது என்று விளக்க என்னால் முடியும்."

கிணற்று நீரில் முட்டை தாழ்ந்தது. அடுத்ததைத் தொடமுன்னே ஒரு தம்பி சொன்னான்: "கடல் தண்ணியில மிதக்கும் டீச்சர், போர்ட்ல இருக்கே." பரிசோதனைக்கு முன்பே விடை பலகையில் இருந்தது. பிள்ளைகளின் கண் சாடியில் இல்லை.

ஆசிரியை கடல்நீரில் முட்டையை விட்டார். அது தாழ்ந்தது.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். பரிசோதனை பிழைத்துவிட்டது என்று நினைத்தார் என்பது தெரிந்தது. ஆனால் அது பிழைக்கவில்லை. கடல்நீரின் அடர்த்தி கன சென்ரிமீற்றருக்குச் சுமார் 1.025 கிராம். புதிய முட்டையின் அடர்த்தி அதைவிடக் கொஞ்சம் கூட. தாழத்தான் வேண்டும். முதல்நாள் நாங்கள் செய்து பார்த்திருந்தால் இது தெரிந்திருக்கும்.

பிள்ளைகள் எழும்பி நின்றார்கள். பின்வாங்கில் இருந்தவர்கள் முன்னுக்கு வந்துவிட்டார்கள். முட்டை பழுதா, தண்ணீர் கடல் தண்ணீர்தானா, போத்தலில் மழைத்தண்ணீர் ஏதும் கலந்துவிட்டதா என்று ஆளுக்கொரு கேள்வி. அந்தத் தவணை முழுவதும் அவ்வளவு கேள்விகளை நான் அந்த வகுப்பில் கேட்டதில்லை. பிறகு உப்பளத்து நீரில் முட்டையை விட்டபோது அது மேலே வந்து, மேற்பகுதி வெளியே தெரிய மிதந்தது.

தண்ணீர் கொண்டுவந்த மகள் அப்போதுதான் வாய் திறந்தாள். "அப்பா அந்தத் தண்ணியில ஒரு மீற்றர் விட்டுப் பாக்கிறவர் டீச்சர். 25க்கு வந்தாத்தான் உப்பு விளையுமாம்." அவள் சொன்னது நீரமானி, திரவத்தில் மிதக்கவிட்டு அதன் அடர்த்தியை அளக்கும் கருவி. உப்பளத்தில் அதைப் போமே (Baumé) என்ற பாகை அளவில் வாசிப்பார்கள். 25 பாகை என்றால் அடர்த்தி கன சென்ரிமீற்றருக்குச் சுமார் 1.2 கிராம். அடுத்த பாடவேளைக்கு நாங்கள் வைத்திருந்த நீரமானிப் பாடத்தை அந்தப் பிள்ளை தன் வீட்டிலிருந்து கொண்டுவந்து வைத்துவிட்டாள்.

அன்று மத்தியானம் பி பிரிவுக்கு அதே பாடம் இருந்தது. ஆசிரியை ஒழுங்கை மாற்றினார். பலகையில் முதலில் ஒரு கேள்வி மட்டும்: "எந்தச் சாடியில் முட்டை மிதக்கும்?" கொப்பியில் ஊகத்தை எழுதவைத்தார். மூன்று முட்டைகளையும் விட்டுப் பார்த்த பிறகுதான் இலக்கை எழுதினார்: "மூன்று சாடிகளிலும் முட்டை நின்ற விதத்துக்கு, அடர்த்திகளை ஒப்பிட்டுக் காரணம் எழுத என்னால் முடியும்." செய்யவேண்டிய வேலை அதில் இருந்தது, விடை இல்லை. பாடம் தொடங்கி 15 நிமிடத்துக்குப் பிறகு வந்த இலக்கு அது. இலக்கு என்றால் முதல் நிமிடத்திலேயே எழுதியாகவேண்டும் என்று எனக்குள் இருந்த பிடிவாதம் அன்றோடு போனது.

பி பிரிவின் அரைத்தாள்களில் ஒன்று: "முட்டை கடல் தண்ணியை விடப் பாரம். உப்பளத் தண்ணியை விடப் பாரம் குறைவு." இன்னொன்று: "முட்டையின் அடர்த்தி கடல்நீரின் அடர்த்தியிலும் கூட, அதனால் தாழ்ந்தது. உவர்நீரின் அடர்த்தியிலும் குறைவு, அதனால் மிதந்தது." அடுத்த நாள் ஆசிரியை இரண்டையும் எழுதியவர் பெயர் சொல்லாமல் பலகையில் போட்டு, எது இலக்கைத் தொட்டிருக்கிறது, மற்றதில் என்ன சேர்த்தால் தொடும் என்று கேட்டார். ஒரு சாடித் தண்ணீர் முழுவதும் ஒரு முட்டையைவிடப் பாரம்தானே, பிறகு ஏன் தாழ்ந்தது என்று ஒரு தம்பி எழும்பிக் கேட்டான். எவ்வளவு நன்றாகச் செய்தால் போதும் என்பதைப் பிள்ளைகளுக்கு அந்தக் கேள்வி விளங்கவைத்தது. நாங்கள் எழுதிக் கொடுத்திருந்தால் அந்த அளவுக்கு விளங்கியிருக்காது.

மழை நாள்

ஒக்டோபரில் மத்தியான மழை தொடங்கியது. ஏ பிரிவு தகரக் கூரைக் கட்டடத்தில் இருந்தது. பெரிய மழை பெய்தால் பக்கத்தில் நிற்பவர் பேசுவதும் கேட்காது. அப்படியான நாட்களில் பாடம் நின்றுவிடுவதுதான் வழமை.

அன்றைய இலக்கு, அடர்த்திகளைப் பார்த்துப் பொருள் மிதக்குமா தாழுமா என்று காரணத்தோடு எழுதுவது. தேங்காயெண்ணெய், பனிக்கட்டி, இரும்பு, கடல்நீர் என்று ஒரு அட்டவணையைக் குழுக்களுக்குக் கொடுத்திருந்தார். பாதியில் மழை கொட்டத் தொடங்கியது. நான் விறாந்தையால் போகும்போது எட்டிப் பார்த்தேன். ஆசிரியை பலகையின் பக்கத்தில் நின்று இலக்கைக் கையால் காட்டினார், அவ்வளவுதான். குழுக்கள் தங்கள்பாட்டில் வேலை செய்துகொண்டிருந்தன. ஜன்னலோரக் குழுவில் ஒருவன் எண்களைக் கழித்துக்கொண்டிருக்க, பக்கத்தில் இருந்தவன் அவன் காதுக்குள் கத்தினான்: "கணக்குச் செய்யச் சொல்லேல்லடா. மிதக்குமா தாழுமா, ஏன் எண்டுதான்." பலகையை நோக்கி விரலை நீட்டினான்.

எட்டாத பிள்ளை

வெறுமையான அரைத்தாள் தந்த மூன்று பேரில் இருவர் இரண்டாம் வாரத்தில் எழுதத் தொடங்கினார்கள். ஒரு தம்பி மட்டும் மூன்றாவது தடவையும் பெயரை மட்டும் எழுதித் தந்தான். சோம்பல் என்று ஆசிரியை நினைத்தார், நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒருநாள் இடைவேளையில் அவனைத் தனியே கூப்பிட்டு, முட்டை ஏன் கடல்நீரில் தாழ்ந்தது என்று கேட்டார். தெளிவாகச் சொன்னான், "அடர்த்தி" என்ற சொல்லையும் சரியாகப் பாவித்தான். பலகையில் இருந்த இலக்கை வாசிக்கச் சொன்னார். முதல் சொல்லை எழுத்துக்கூட்டி, இரண்டாவதில் நின்றுவிட்டான்.

தரம் 9 வரை வந்த பிள்ளை. கொப்பி முழுக்க அழகான கையெழுத்து, பலகையைப் பார்த்து எழுத்து எழுத்தாக வரைந்தது. அதே கொப்பிகளை நாங்கள் ஒவ்வொரு ஆண்டும் திருத்திக் கையொப்பம் வைத்திருக்கிறோம். எனக்கு இன்றும் இதை எழுதக் கஷ்டமாக இருக்கிறது.

அதன்பிறகு மூன்று மாற்றங்கள் செய்தோம். இலக்கை ஆசிரியை வாயாலும் சொல்வார், ஒரு பிள்ளை தன் சொற்களில் அதைத் திருப்பிச் சொல்லும். அந்தத் தம்பி அரைத்தாளுக்குப் பதிலாக வாயால் பதில் சொல்லலாம். தமிழ்ப்பாட ஆசிரியருடன் பேசி, கிழமையில் இரண்டு நாள் அவனுக்கு வாசிப்புக்கான பரிகாரக் கற்பித்தலும் ஒழுங்காயிற்று. அந்தத் தவணை முடியும்போது அவன் சின்ன வசனங்களை வாசித்தான். பாடநூலை வாசிக்கும் அளவுக்கு வரவில்லை.

விளைவு

மூன்றாம் தவணைப் பரீட்சையில் அடர்த்திக் கணக்கை ஒருவரும் வெறுமையாக விடவில்லை. பெரும்பாலோர் அலகோடு எழுதினார்கள். 2.12 போன்ற விடைகள் இரண்டு மூன்று தாள்களில் திரும்பவும் வந்தன. இது முழுக்க இலக்கைச் சொன்னதால் வந்தது என்று நான் சொல்லமாட்டேன். வகுத்தலுக்குக் கூடுதல் நேரம் கொடுத்தோம், முட்டைப் பாடம் பிள்ளைகளின் மனதில் நின்றது. இலக்கைச் சொல்லாத மற்ற அலகுகளில் பெரிய மாற்றம் இல்லை.

இடையில் வெளியிலிருந்து ஒரு மேற்பார்வை வந்தது. பலகையில் ஏன் கற்றற்பேறு இல்லை என்று கேட்டார்கள். ஆசிரியை பாடக்குறிப்பைக் காட்டினார், அரைத்தாள் கட்டையும் காட்டினார். வந்தவர் தாள்களைக் கொஞ்சநேரம் புரட்டிப் பார்த்தார், வகுப்பு நன்றாக இருக்கிறது என்றும் சொன்னார். ஆனால் பதிவேட்டில், கற்றற்பேறு பலகையில் எழுதப்படவில்லை என்ற குறிப்பு வந்தது. அதிபர் ஆசிரியையின் பக்கம் நின்று, நடந்ததை விளக்கி எழுதினார். அந்தக் குறிப்பு மட்டும் அப்படியே இருக்கிறது. இளம் ஆசிரியர் ஒருவருக்கு இது சின்ன விஷயம் இல்லை. பலகையைப் பார்க்க வருகிறவர்கள் இரண்டு பிள்ளைகளிடம் ஒரு கேள்வியாவது கேட்டுவிட்டு எழுதவேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

மாற்றிச் செய்வதாக இருந்தால்

அலகைத் தொடங்கமுன், அதற்குத் தேவையான கணிதத்தை ஒரு சின்னக் கேள்வியால் பார்த்திருப்போம். தசம வகுத்தல் தெரியாது என்பதை முதல் அரைத்தாள்வரை அறியாமல் இருந்தது எங்கள் குறை.

59 அரைத்தாள்களை ஒவ்வொரு பாடவேளைக்கும் பார்ப்பது, இரண்டு பஸ் மாறி வீடு போகும் ஒருவரால் தாங்கக்கூடிய வேலை இல்லை. இரண்டாம் வாரத்தில் அவர் களைத்துப்போனார். அப்புறம் கிழமைக்கு இரண்டு தடவை என்று குறைத்தோம். மற்ற நாட்களில் கையை உயர்த்திக் காட்டுவதோடு விட்டோம். முதலிலேயே அப்படித் தொடங்கியிருக்கலாம்.

பரிசோதனையை முதல்நாளே செய்து பார்ப்போம். கடல்நீரில் முட்டை தாழ்ந்தது நல்லதாக முடிந்தாலும், ஆசிரியை வகுப்பின் முன்னால் பதறியது தேவையில்லாதது.

பிள்ளைகளிடம் நான் கேட்ட முதல் கேள்வியை ஆசிரியையே தனியாகக் கேட்டுப் பார்க்கும்படி விட்டிருப்பேன்.

அடுத்த ஆண்டு அவருக்கு ஊர்ப்பக்கம் இடமாற்றம் கிடைத்தது. அடர்த்தி அலகுக்கு அவர் எழுதிய இலக்குகள், முதல் பாடவேளை வகுத்தலுக்கு என்ற குறிப்போடு, எங்கள் விஞ்ஞான அறை அலுமாரியில் ஒரு கோப்பில் இருக்கின்றன. மூன்றாவது இலக்கின் பக்கத்தில் "முட்டைக்குப் பிறகு எழுதவும்" என்று பென்சிலால் குறித்து வைத்திருக்கிறார்.